வேலைக்குப் போகும் நாளெல்லாம் ஒரு மாத்திரை

ஆஸ்பத்திரியில் எனக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு இடது பக்கம், சுவரை ஒட்டி. அதன் ஒரு கால் குட்டை. பழைய காகிதத்தை மடித்து அடியில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. அப்பா தாராவியில் தோல் பதனிடும் கம்பெனியில் நின்றார். அண்ணனும் அங்கேதான் நின்றான். அம்மா மாட்டுங்காவில் நான்கு வீடுகளில் குனிந்து நின்றாள். நான் உட்கார்ந்தேன். அந்த ஸ்டூல் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

அது செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்திய சிறிய தர்ம ஆஸ்பத்திரி. நான் எஸ்.எஸ்.சி. தேறிய அடுத்த வருஷம், அறுபத்தைந்தில், அங்கே சேர்ந்தேன். இருதய நோயாளிகளுக்கு வெள்ளிக்கிழமை காலை. தாராவித் தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிதான் வார விடுமுறை என்பதால் அன்றைக்கு எங்கள் ஆட்களின் கூட்டம் அதிகம். டாக்டர் மராத்திக்காரர். வயது அதிகமில்லை, ஆனால் பல நாள் தூங்காதவர் போன்ற முகம். நோயாளிகளிடம் இந்தியில் பேசுவார், சீட்டில் ஆங்கிலத்தில் எழுதுவார். எங்கள் ஆட்கள் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வருவார்கள். வந்ததும் என் முன்னால் நின்று, "என்ன பிள்ள சொன்னாரு அந்த ஆளு?" என்பார்கள். அதைச் சொல்வதுதான் என் வேலை. எந்த மாத்திரை, எப்போது, எத்தனை, எதைத் தின்னக்கூடாது.

கம்பவுண்டர் மாட்டுங்காக்காரர். அவருக்கும் தமிழ்தான். ஆனால் அவருடைய ஜன்னலுக்கு வெளியே எப்போதும் நீளமான வரிசை. "நேக்கு ரெண்டு கை, ஒரு வாய். கையால குடுக்கறேன். வாய் நீ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சொல்வது எளிது என்று நினைத்திருந்தேன். சுனாபட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் உப்பு கூடாது என்று மூன்று வாரம் சொன்னேன். கால் வீக்கம் வற்றவில்லை.

"சத்தியமா சோத்துல ஒரு கல்லு உப்பு போடல தாயி" என்றாள்.

"பின்ன எப்படிச் சாப்பிடுதிய?"

"கருவாட்டக் கடிச்சுக்கிட்டுதான்."

இன்னொருவர் தன் மாத்திரையைப் பாதியாக உடைத்து மனைவிக்கும் கொடுத்து வந்தார். அவளுக்கும் மூச்சு வாங்குகிறதாம். ஒரே வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் மருந்து என்றால் நன்றாக இருக்குமா என்று என்னைக் கேட்டார்.

நெஞ்சுக்கான முக்கிய மாத்திரை வெள்ளையாக, வெந்தயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். யாரும் அதை மதிக்கமாட்டார்கள். "இது மாத்திரையா, மாத்திரைக்குப் பொறந்த பிள்ளையா?" என்று கேட்டவர் உண்டு. ஊசியும், பாட்டிலில் சிவப்புத் தண்ணீரும் கொடுத்தால்தான் மருந்து. ஆனால் டாக்டர் பயந்தது அந்தச் சின்ன மாத்திரைக்குத்தான். அது இருதயத்தை நிதானமாகவும் பலமாகவும் அடிக்க வைக்கும். அதே சமயம் உடம்பைவிட்டு லேசில் போகாது. சேர்ந்துகொண்டே போனால் வாந்தி வரும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும், கடைசியில் இருதயமே தடுமாறும். அதனால் வாரத்தில் ஆறு நாள் சாப்பிட்டு ஒரு நாள் விட வேண்டும். சீட்டில் அவர் அப்படித்தான் எழுதுவார்.

முதலில் நான் கிழமை சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு வேண்டாம், மற்ற நாள் ஒன்று. தோல் கம்பெனிக்காரனுக்கு ஞாயிறும் ஒரு வேலை நாள்தான். பட்டறைக்காரனுக்கு ஒரு கிழமை விடுமுறை, இன்னொருவனுக்கு வேறொரு கிழமை. தாராவியில் கிழமை என்பது காலண்டரில் இல்லை, கம்பெனிக் கதவில் இருந்தது. சிலர் இரண்டு நாள் விட்டார்கள். ஒருவர் ஒரு நாளும் விடாமல் தின்று, வாந்தியெடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாக்கியம் எனக்கு ஒரு காலை சயானில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தோன்றியது. வேலைக்குப் போகிற நாளெல்லாம் ஒரு மாத்திரை. சுட்டி நாள் மாத்திரைக்கும் சுட்டி. விடுமுறையை எங்கள் பக்கத்தில் இந்திக்காரர்கள் போல சுட்டி என்றுதான் சொல்வோம். வேலைக்குப் போகாத பெண்களுக்கு, வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற நாள் என்று மாற்றிச் சொன்னேன். ஒருமுறை சொன்னால் போதும், யாரும் மறக்கவில்லை. அடுத்த வாரம் அவர்களே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

"பேஷ்" என்றார் கம்பவுண்டர். "மாத்திரைக்குக்கூட லீவு உண்டு. நேக்குத்தான் இல்லே."

டாக்டரிடம் ஆங்கிலத்தில் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வெளியிலிருந்து வந்திருந்த இன்னொரு டாக்டரிடம் என்னைக் காட்டி, இந்தப் பெண் கண்டுபிடித்தது என்றார். அன்று மாலை சயான் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்தவரை சித்தப்பா என்று கூப்பிடுவேன். அப்பாவின் சொந்தத் தம்பி இல்லை. ஊரில் பக்கத்துத் தெரு, இங்கே ஒரே கம்பெனி. நான் எஸ்.எஸ்.சி. தேறியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்தான் பூந்தி வாங்கி வந்து வரிசை முழுக்கக் கொடுத்தார். "நம்ம பிள்ள பாஸாயிட்டு" என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னார். முப்பத்தெட்டு வயது. சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலை இழுத்துப் போடுவது அவர் வேலை. ஊறின தோல் ஒன்று ஒரு ஆள் கனம் இருக்கும். முந்தின வருஷத்திலிருந்தே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. நான்தான் அவரைச் செம்பூருக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இருதயத்தின் ஒரு கதவு சுருங்கிவிட்டது. ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் அது பெரிய இடங்களில், வரிசை நீளம், இவருடைய உடம்பு அதைத் தாங்குமா என்பதே சந்தேகம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு வருஷம். நாலும் இருக்கலாம்.

வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டார். "என்னட்டி சொல்லுதாரு?"

"ஒழுங்கா மாத்திரை போட்டா ஒண்ணும் இல்லையாம் சித்தப்பா."

அதுதான் என் மொழிபெயர்ப்பு. வருஷக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. அவருடைய இரண்டு வருஷமோ நாலு வருஷமோ அந்த "ஒழுங்காக" என்ற ஒரு சொல்லில்தான் தொங்குகிறது என்று தெரிந்துதான் அவருக்கும் சித்திக்கும் என் வாக்கியத்தைச் சொன்னேன். கூடப் போட்டால் விஷம் என்பதையும் சேர்த்து இரண்டு தரம் சொன்னேன். சித்திக்கு எழுத்து தெரியாது. உதடு அசையத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

சித்தப்பா சிரித்தார். "சரிதான. ஓடாத வண்டிக்கு எதுக்கு மை?"

எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வெள்ளி டாக்டரிடம் அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலை தூக்காமல் நன்றாயிருக்கிறது என்றார்.

அந்தக் குளிர்காலமும் கோடையும் சித்தப்பா நன்றாகத்தான் இருந்தார். மேஸ்திரி இரக்கப்பட்டு அவரைக் குழியிலிருந்து எடுத்து, காய்ந்த தோலை அடுக்குகிற இடத்தில் போட்டார். காலையில் டீயோடு மாத்திரை. கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் அவர் அதை நாக்கில் வைத்து எனக்குக் காட்டிவிட்டு விழுங்குவார். அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது, முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். "இவளையும் உன்ன மாதிரி ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சிட்டாப் போதும்ட்டி" என்பார். குழாயடியில் பெண்கள் என்னை ஸ்டூல் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏ ஸ்டூல் டாக்டரு, எங்க மாமியாருக்கு வாய் ஓயல. அதுக்கு மாத்திரை வேல நாள்ளயா, சுட்டியிலயா?" நான் கோபப்படுவது போல் நடிப்பேன். என் தோளில் கைப்பை இருக்கும், அதில் பேனா இருக்கும். கோபம் எங்கிருந்து வரும்?

மழை வந்தது. மழைக்காலத்தில் தோல் காயாது. ஒவ்வொரு வருஷமும் கம்பெனிகள் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பும். மழை விட்டதும் வா என்பார்கள். முதலில் அனுப்புவது பலமில்லாதவர்களைத்தான். சித்தப்பாவை முதல் வாரத்திலேயே அனுப்பினார்கள்.

எனக்கு இது தெரியும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் வேலைக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் காலையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவேன். அவர் கதவருகே சாக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"மாத்திரை போடுதியளா சித்தப்பா?"

"நீ சொன்னபடிதான்."

தினமும் கேட்டேன். தினமும் அதே பதில். வணக்கம் சொல்வது போல ஆகிவிட்டது. அவரும் நிஜத்தைத்தான் சொன்னார்.

ஆடி பிறந்ததும் அவருக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் மூடினார். ஒருநாள் காலையில் உதடு நீலமாக இருந்தது. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. டாக்ஸி பிடித்து, தண்ணீருக்குள் செம்பூர் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்பது. நான் சித்தியிடம் கேட்டேன்.

"என்ன கேள்வி இது? ஒரு நாள் தப்பல. நீ சொன்னது எப்படியோ அப்படி" என்றாள்.

"ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார் டாக்டர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஒரு நாள்கூடத் தவறவில்லை."

அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்த நேரத்திலும் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு சித்தப்பாவின் கழுத்து நரம்பைப் பார்த்தார். அப்படியானால் கதவுதான் இன்னும் சுருங்கிவிட்டது, மாத்திரை செய்யக்கூடியது இவ்வளவுதான் போலிருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொல்லி எழுதிக்கொண்டார்.

வார்டில் சேர்த்தார்கள். தண்ணீர் இறங்க ஊசி போட்டார்கள். நர்ஸ் தினமும் காலையில் அந்தச் சின்ன மாத்திரையை வாயில் போட்டாள். ஐந்தாம் நாள் கால் வற்றியது. எட்டாம் நாள் தலையணை வைத்துப் படுத்தார். ஒன்பதாம் நாள் வராந்தா வரை நடந்து வந்து என் ஸ்டூலைப் பார்த்துவிட்டு, "இதுக்காட்டி இம்புட்டுப் படிச்ச? ஒரு கால் குட்டையால்லா இருக்கு" என்றார். நானும் சித்தியும் சிரித்தோம். டாக்டர்கூட ஆச்சரியப்பட்டார். ஊசி நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார்.

வீட்டுக்கு அனுப்பிய நாள் வெள்ளிக்கிழமை. என் முன்னால் வழக்கம்போல் கூட்டம். சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும். இங்கன நர்ஸம்மா தெனமும் குடுத்தாவளே. போன வெள்ளி சுட்டிதான, அன்னைக்கும் குடுத்தாவ. வீட்டுலயும் தெனமும் குடுக்கணுமா?"

நான் யாருக்கோ சீட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். "வார்டு வேற, வீடு வேற சித்தி. வீட்டுல நான் சொன்ன மாதிரிதான்."

"அப்ப பழையபடிதான?"

"பழையபடிதான்."

கம்பவுண்டர் புது மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினார். சித்தி தயங்கினாள். "வீட்டுல நெறயக் கெடக்கே. எதுக்கு வீணா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "வாங்கிக்கோங்க சித்தி, இருக்கட்டும்" என்றேன். எப்படி நிறையக் கிடக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் என்னை எதற்குப் பார்த்தார் என்றும் யோசிக்கவில்லை. சித்தி சிக்கனக்காரி என்று மட்டும் நினைத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மழை விடவில்லை. கம்பெனி கூப்பிடவில்லை. சித்தப்பா மூன்று வாரம் இருந்தார். மறுபடி கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, மழை விடட்டும், வேலைக்குக் கூப்பிடட்டும், அப்படியே போய்க் காட்டிவிட்டு வரலாம் என்றார். ஒரு பகலில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது இறந்து போனார். மாலையில் சயானில் இறங்கி நடந்து வந்தால், எங்கள் வரிசையில் குடைகள் நின்றன.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து சித்தி என்னைக் கூப்பிட்டாள். மகள் ஒரு மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அன்று பள்ளிக்கூட நாள். சித்தி அலமாரித் தட்டிலிருந்து ஒரு பால் பவுடர் டின்னை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இதெல்லாம் மிச்சம். யாராவது இல்லாதவங்களுக்குக் குடு. புண்ணியமாப் போகட்டும்."

திறந்தேன். பொட்டலம் பொட்டலமாக வெள்ளை மாத்திரை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுத்த பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் அப்படியே மேலே இருந்தது.

"இது எப்படி சித்தி மிஞ்சிச்சு?"

"வேலைக்குப் போனாத்தான? மழ தொடங்குனதுல இருந்து எங்க போனாவ? வேலைக்குப் போகாத நாள் ஒண்ணுகூடக் குடுக்கல. நீ சொன்னது எனக்கு மறக்குமா?" அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கடைசி ரெண்டு நாள் அவியளே கேட்டாவ. மூச்சு முட்டுது, ஒண்ணு தா, போட்டுப் பாக்கேன்னாவ. நான் தரமாட்டேன்னுட்டேன். படிச்ச பிள்ள சொல்லியிருக்கா, கூடப் போட்டா வெசமாயிரும், சும்மா இருங்கன்னேன். ஒரு தப்பும் நடக்கவிடல பிள்ள நான்."

வாசலில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் டின்னை மூடினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினேன்.

"சரி சித்தி" என்றேன்.

அதற்கு மேல் நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. அவளுடைய நன்மைக்காக மறைத்தேன் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தேன். அது உண்மை இல்லை. ஒரு தப்பும் நடக்கவிடவில்லை என்று சொன்ன அவள் முகத்தைப் பார்த்து, தப்பு நடந்தது, அதை நான்தான் உன் கையில் கொடுத்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டூல் போய்விடும் என்ற பயமும் அதில் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். டின்னை மேஜைமேல் வைத்து, ஆங்கிலத்தில், ஆரம்பத்திலிருந்து. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். டின்னைத் திறந்து பார்த்தார். வார்டில் தேறியது ஊசியால் மட்டும் இல்லை என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்தக் கதவோடு எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்காது என்று கடைசியில் சொன்னார். முதலில் இரண்டு என்றவர், நாலு என்றவர், இப்போது ஒன்று என்றார். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

கம்பவுண்டர் டின்னுக்குள் விரல் விட்டுப் பார்த்தார். மழை ஈரத்தில் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "இது யாருக்கும் ஆகாதும்மா" என்று குப்பைக் கூடையில் கவிழ்த்தார். டின்னைக் கழுவி என்னிடமே கொடுத்தார். அன்றைக்கு அவர் கேலி எதுவும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நான் சொல்வதில்லை. சீட்டின் பின்னால் ஏழு வட்டம் போட்டு, ஒன்றில் மட்டும் குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தேன். வட்டத்தைக் காட்டி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். சீட்டைப் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பழைய ஆட்களைக் கூப்பிட்டு, வேலை போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு பெண் என்மேல் பாய்ந்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில நல்ல வார்த்தையே வராதாட்டி உனக்கு? எங்க வீட்டுக்காரருக்கு ஏன் வேல போகணும்?" நோயைப் பற்றி என்ன கேட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். வேலை போவதைப் பற்றிக் கேட்டால் சாபம் இட்டது போல. அவள் மறு வாரம் என்னைத் தாண்டி நேராக ஜன்னலுக்குப் போனாள்.

சித்தி இப்போது அம்மாவோடு மாட்டுங்காவுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். மகள் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். படிக்கவை என்று நான் சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். பார்ப்போம் என்றாள். யாருக்காவது நெஞ்சு வலி என்றால் சித்தி இன்றும் என்னிடம்தான் அனுப்புகிறாள். "அவ சொன்னா சரியா இருக்கும், எங்க வீட்டுல பாத்தம்லா" என்று சொல்லி அனுப்புகிறாள்.

நான் நினைக்காத இன்னொன்றும் நடந்திருந்தது. அந்த வாக்கியம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வராதவர்களும், வேறெங்கோ சீட்டு வாங்கி அதே மாத்திரையைத் தின்பவர்களும் அதைச் சொன்னார்கள். குழாயடியில் சொன்னார்கள், ரயிலில் சொன்னார்கள். நான் சொல்லாமல் விட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த வீடுகளுக்கு நடந்து போய், அது தப்பு என்று சொல்லிவிட்டு வர ஆரம்பித்தேன். நாலு வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். ஐந்தாவது வீட்டில் அது ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கும்.

போன மாதம் தேவ்நாரில் ஒரு வீட்டுக்குப் போனேன். கம்பவுண்டர் சொல்லித்தான் தெரியும், எனக்கு அவர்களோடு பழக்கம் இல்லை. முப்பது வயதிருக்கும் பெண். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்று, முடியாமல், கையால் உள்ளே வரச் சொன்னாள். கணுக்கால் இரண்டும் பளபளத்தன. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொல்லி, மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டேன்.

"முறைப்படிதான்" என்றாள். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "வீட்டுக்காரரு வேலைக்குப் போற நாளெல்லாம் ஒண்ணு. சுட்டி நாள் மாத்திரைக்கும் சுட்டி."

"வீட்டுக்காரர் இப்ப எங்க?"

"பட்டறைய மூடிட்டாங்க. ஒரு மாசம் ஆச்சு. வேல தேடிப் போயிருக்காரு."

அது தப்பு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டும், இன்றைக்கே டாக்டரிடம் வா, நான் கூட்டிப் போகிறேன் என்றேன். மாத்திரை எங்கே என்று கேட்டேன். அவள் கை தட்டின்மேல் இருந்த சிறு டப்பாவை மறைத்துக்கொண்டது.

"உங்களுக்குத் தெரியாதுக்கா. கூடப் போட்டா வெசம். இத எங்களுக்குச் சொன்னது படிச்ச பொண்ணு. பெரிய டாக்டரே அது சொன்னா கேப்பாராம்."

அந்தப் பெண் நான்தான் என்று சொன்னேன்.

அவள் என் பையைப் பார்த்தாள், மழையில் நனைந்த என் செருப்பைப் பார்த்தாள். "போங்கக்கா" என்றாள். டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.